நீர் பிரித்ததும் நூல் பிரித்ததும்

கெளிறு, கெளுத்தி, சுங்கான் என்று இடத்துக்கொரு பெயரில் வழங்கும் சிறிய நன்னீர் மீசை மீன்கள் யாவும் விலங்கியலில் சிலூரிஃபார்மெஸ் என்னும் ஒரே வரிசைக்குள் அடங்குகின்றன. செதிலற்ற தோல், வாயைச் சூழ்ந்த மீசை, துடுப்பின் முன்னோரத்தில் கூர்முள் ஆகியவை அவ்வரிசையின் வெளியடையாளங்கள். உலகில் இந்த வரிசையில் அறியப்பட்ட இனங்கள் ஏறக்குறைய 4,000. தாய்லாந்தில் மெகோங் ஆற்றில் 2005ஆம் ஆண்டு பிடிபட்ட கெளுத்தி ஒன்று 293 கிலோ எடை இருந்தது. சுண்டுவிரல் நீளத்தை எட்டாமலே முழு வளர்ச்சி பெற்றுவிடுபவையும் அதே வரிசையில் உண்டு. இலங்கையின் நன்னீரில் இயற்கையாக வாழ்பவை நான்கு குடும்பங்களைச் சேர்ந்தவை: பாக்ரிடே, சிலூரிடே, ஹெட்டரோப்நியூஸ்டிடே, கிளாரிடே. முகத்துவாரத்தையும் களப்பையும் சார்ந்த கடற்கெளிறுகள் இந்தக் கணக்கில் சேராதவை.

இந்த மீன்களின் வகைப்பாட்டைப் படிக்க ஊவா மாகாணம் பொருத்தமான களம். பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்களுக்குள் 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுலை மலையும், வெல்லவாய, மகியங்கனைப் பக்கத்துத் தாழ்ந்த வெளிகளும் அடங்கிவிடுகின்றன. அப்புத்தளை முகட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு வடக்கே இறங்கி, உமா ஓயா வழியாக மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகிறது. மறு பங்கு தெற்கே சரிந்து, வளவை கங்கையோடும் கிரிந்தி ஓயாவோடும் தென்கடலுக்குப் போகிறது. பதுளு ஓயாவும் லொக்கல் ஓயாவும் மகாவலியின் கிளைகள். மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா, கல் ஓயா ஆகியவை தனித்தனியே கடலைத் தேடிப் போகின்றன. ஒரே முகட்டிலிருந்து இறங்கி ஒன்றோடொன்று சேராத ஆறுகள் இவை. நன்னீரை விட்டு வெளியேற முடியாத ஒரு சிறு மீனுக்கு அந்த முகடு கடலைப் போலவே கடக்க முடியாத எல்லை.

வரிசையின் உண்மையான அடையாளங்கள் தோலுக்கு உள்ளே இருக்கின்றன. முதுகெலும்பின் முதற் கண்ணிகளிலிருந்து உருமாறிய சிற்றெலும்புகள் காற்றுப்பையை உட்காதோடு இணைக்கின்றன. நீரில் எழும் அதிர்வு காற்றுப்பையைத் தொட்டு, இந்த எலும்புத் தொடர் வழியாகக் காதை எட்டும். வேபரின் அமைப்பு எனப்படும் இது கெண்டை, அயிரை முதலிய மீன்களுக்கும் உண்டு. கெளிறும் கெண்டையும் தொலைவான உறவினர் என்பதற்கு இதுவே வலுவான சான்று. கெளிற்றுக்குத் தனித்துவம் தருபவை அதனிடம் இல்லாத எலும்புகள். மற்ற எலும்பு மீன்களிடம் காணும் செவுள்மூடியின் கீழ்த்தகடு இதற்கு இல்லை. தலையின் உச்சி எலும்புகள் தனித்து நிற்காமல் பின்தலை எலும்போடு ஒன்றிவிட்டன. தசைக்குள் ஊடுருவி நிற்கும் மெல்லிய முட்களும் கிடையாது. கெண்டையைத் தின்னும்போது தொண்டையில் சிக்குகிற அந்த முள் கெளிற்றில் இல்லாததால்தான் குழந்தைக்கும் நோயாளிக்கும் இதைப் பயமின்றிக் கொடுக்கிறார்கள். உடற்கூற்று நூலில் வரிசையைப் பிரிக்கும் ஒரு குறிப்பு, சமையற்கட்டில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி.

மேல்தாடை எலும்பும் தன் பழைய வேலையை விட்டுவிட்டது. பல மீன்களில் பற்களைத் தாங்கும் அந்த எலும்பு கெளிற்றில் பல்லிழந்து சிறுத்து, மீசையின் அடித்தண்டாக மாறியிருக்கிறது. மீசைகள் அதிகபட்சம் நான்கு இணை: மூக்குத் துளையருகே ஒன்று, மேல்தாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் இரண்டு. மேல்தாடை மீசைதான் பெரும்பாலும் நீளமானது. அது எங்கே எட்டுகிறது என்பது இனத்தைச் சொல்லும். முகத்துவாரங்களிலும் காணப்படும் மிஸ்டஸ் குலியோவில் அது இடுப்புத் துடுப்பின் அருகோடு நின்றுவிடும். தமிழ்நாட்டு ஆறுகளின் வரிக்கெளிறான மிஸ்டஸ் விட்டேட்டஸில் அதையும் தாண்டிப் பின்செல்லும். மீசையிலும் தோலிலும் சுவை மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. கண் சிறியது. இரவில் திரிவதும், கலங்கல் நீரில் இரை தேடுவதும் இந்த உடலுக்கு இயல்பு. மழை விட்டு ஓயா செம்மண் நிறத்தில் ஓடும் மாலையில், மண்புழு கோத்த தூண்டிலுக்கு மற்ற மீன்கள் வராதபோது கெளிறு வருவது இதனால்தான். வெளிச்சம் குறையக் குறைய இதற்குச் சாதகம் கூடுகிறது.

தோல் வெறுமையாக இருப்பது காப்பில்லாமல் இருப்பதாகாது. மேலே வழவழப்பான கோழை படிந்திருக்கிறது. தோலின் சில செல்களில் அபாயப் பொருள் ஒன்று உண்டு. காயம்பட்டால் அது நீரில் கரைந்து பரவ, அருகிலுள்ள இனத்தவை ஒதுங்கி ஒளிகின்றன. சமையலுக்கு எடுக்கும்போது அந்தக் கோழைதான் முதல் தொல்லை. தோட்டத்து லயங்களிலும் கீழ்நிலக் கிராமங்களிலும் சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரசி, கோழை போன பிறகே மீன் துண்டாகிறது. கொறுக்காய்ப் புளியோ பழப்புளியோ சேர்த்து வைக்கும் குழம்பில் மிச்சமிருக்கும் சேற்று வாடையும் அடங்கிவிடும்.

முள் இந்த மீனின் இரண்டாவது காப்பு. மார்புத் துடுப்பின் முதற்கதிர் தடித்து, உள்விளிம்பில் அரம்பப் பற்களோடு எலும்பாகியிருக்கிறது. பாக்ரிடே குடும்பத்தில் முதுகுத் துடுப்பிலும் அத்தகைய முள் உண்டு. முதுகுமுள்ளுக்கு முன்னால் தோலுக்குள் மறைந்து ஒரு குட்டை முள் இருக்கிறது. பெரிய முள் நிமிர்ந்ததும் குட்டை முள் நகர்ந்து, கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல் அதைப் பூட்டிவிடும். பின்னாலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் முள் மடங்காது. மார்புமுள்ளின் அடிப்பகுதி தோள் எலும்பின் குழிக்குள் திருகிப் பூட்டிக்கொள்ளும். மூன்று முட்களும் விரிந்து நிற்கும் ஒரு சாண் மீனை நாரையோ நீர்க்காகமோ விழுங்குவது எளிதல்ல. மார்புமுள்ளின் அடியிலுள்ள வரிகள் குழியின் சுவரில் உரசும்போது கீச்சென்று ஒலி பிறக்கிறது. வலையிலிருந்து எடுத்த கெளிறு கையில் முனகுவது அந்த ஒலிதான். பிடித்தவர்கள் முதலில் மூன்று முட்களையும் ஒடித்துவிட்டே மீனைக் கூடையில் இடுவார்கள்.

வகைப்பாட்டுக்கு அதிகம் உதவும் உறுப்பு, பார்வைக்கு மிக அற்பமானது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் கதிர் ஏதுமின்றித் தசைத் திரட்சியாக எழுந்து நிற்கும் கொழுப்புத் துடுப்பு அது. நன்னீர்க் குடும்பங்கள் நான்கில் இது உள்ளவை பாக்ரிடே மீன்கள் மட்டுமே. அவற்றுக்குள்ளும் அதன் அடிநீளம், முதுகுத் துடுப்பிலிருந்து அது எவ்வளவு விலகித் தொடங்குகிறது என்பவை இனத்துக்கு இனம் வேறுபடும். இதோடு பின்தலை எலும்பின் கூர் முதுகுத் துடுப்பின் அடித்தகட்டைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்பதும், நடு உச்சியில் எலும்பு மூடாத பள்ளம் எதுவரை நீள்கிறது என்பதும் அளக்கப்படும். நிறத்தை நம்பி இனம் சொல்லக்கூடாது என்பது இந்தக் குடும்பத்தில் கைவைத்தவர் முதலில் கற்கும் பாடம். உயிரோடு இருக்கையில் பளிச்சென்ற வரிகள் சாராயப் புட்டிக்குள் மங்கிவிடும். எலும்பும் விகிதமும் மங்குவதில்லை.

நான்கு குடும்பங்களில் சிறிய இனங்கள் அதிகம் உள்ளது பாக்ரிடே. இலங்கையில் இதன் பேரினம் மிஸ்டஸ். நான்கு இணை மீசை, பலமான மூன்று முட்கள், கொழுப்புத் துடுப்பு, குட்டையான குதத் துடுப்பு, கவையாகப் பிரிந்த வால் ஆகியவை பொது அடையாளம். செவுள்மூடிக்குப் பின்னால், தோளின் மேல் கரும்புள்ளி ஒன்று பலவற்றில் தெரியும். பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாதவை. சிங்களக் கிராமங்களில் அங்குட்டா எனப்படுவது இவ்வகை மீனே.

சிலூரிடே குடும்பத்தின் உடலமைப்பு இதற்கு நேர்மாறு. முதுகில் முள் இல்லை. நாலைந்து மென்கதிர் கொண்ட குருத்தளவு துடுப்பே உண்டு. கொழுப்புத் துடுப்பு கிடையாது. உடல் பக்கவாட்டில் தட்டையாகி, குதத் துடுப்பு வயிற்றின் பின்புறத்திலிருந்து வால்வரை நீண்டுபோகிறது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கதிர்கள் இருக்கும். மீசை இரண்டே இணை. சிறிய ஒம்பொக் இனங்களும், ஒரு மீற்றரைத் தாண்டி வளரக்கூடிய வாளையும் இக்குடும்பம். வாளையின் வாய்ப்பிளவு கண்ணைக் கடந்து பின்னே போகும்; ஒம்பொக்கின் வாய் அவ்வளவு அகலாது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரிக்க இந்த ஒரு வேறுபாடு போதும்.

சுங்கான் என்று கிழக்கிலும் தேளி என்று தமிழ்நாட்டிலும் சொல்லப்படும் ஹெட்டரோப்நியூஸ்டெஸ் ஃபொசிலிஸ், தன் குடும்பப் பெயருக்குக் காரணமான வேறொரு மூச்சைக் கொண்டது. செவுளறையிலிருந்து புறப்படும் இரண்டு நீண்ட காற்றுக் குழல்கள் முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள் வால்பகுதி நோக்கி ஓடுகின்றன. குளம் வற்றிச் சேறாகும்போது மேலே வந்து வாயால் காற்றை இழுத்துக்கொண்டு அது பிழைத்திருக்கும். முதுகுத் துடுப்பு முள்ளின்றிக் குட்டையானது. குதத் துடுப்பு நீளமானது. மார்புமுள்ளோடு நச்சுச் சுரப்பி சேர்ந்திருக்கிறது. வயல் வேலையில் மிதிபட்டால் அது தரும் கடுப்பு பல மணிநேரம் நீடிக்கும். கொட்டிய இடத்தைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தால் வலி தணியும்; அந்த நஞ்சு சூட்டில் செயலிழப்பது.

கிளாரிடே குடும்பத்தின் இலங்கை உறுப்பினர் கிளாரியஸ் பிராகிசோமா. சிங்களத்தில் மகுரா. இத்தீவில் மட்டுமே வாழும் இனம். காற்றுமூச்சுக்கு இதனிடம் குழலில்லை. செவுள் வளைவுகளின் மேல் மரம்போல் கிளைத்த உறுப்பு இருக்கிறது. முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் இரண்டுமே நீளமானவை. தலையின் மேல் எலும்புக் கவசம் உண்டு. சுங்கானும் மகுராவும் சேற்றில் அருகருகே கிடந்தாலும், நீரின்றி மூச்சு விடும் வழியை இரண்டும் வெவ்வேறு உறுப்புகளால் கண்டிருக்கின்றன. ஒரே தேவைக்கு உடல் தரும் விடை ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணுவோருக்கு இவ்விரண்டு மீன்களும் மறுப்பு.

மீசையை மட்டும் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. மணல் படிந்த ஓடைகளில் கிடைக்கும் அயிரைக்கும் மீசை இருக்கிறது. ஆனால் அது கெண்டையின் வரிசையைச் சேர்ந்தது. கண்ணுக்கு அடியில் எழும்பி நிற்கும் சிறு முள்ளும், கூர்ந்து பார்த்தால் தெரியும் நுண்செதில்களும் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்று லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ் எனப்படும் அயிரையை 1846இல் வாலென்சியென் விவரித்தபோது, அவர் கையிலிருந்த மாதிரி திருகோணமலைப் பக்கத்து வெந்நீரூற்றுகளிலிருந்து வந்தது. மலை ஓடைகளின் கல்லிடுக்கில் வாழும் ஸ்கிஸ்டூரா நோட்டோஸ்டிக்மாவும் மீசையுள்ள கெண்டை வரிசை மீனே.

ஊவாவின் மலை ஓடைகளைப் பொறுத்தவரை வகைப்பாடு சொல்லும் முக்கியமான செய்தி ஓர் இன்மை. தென்னிந்தியாவில், பவானி போன்ற ஆறுகளின் பாய்ச்சலில், மார்பில் தோல்மடிப்புகளாலான ஒட்டுறுப்பு கொண்ட கிளிப்டோதோராக்ஸ் என்னும் மலைக்கெளிறுகள் பாறையைப் பற்றி வாழ்கின்றன. அவை சிசோரிடே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஓர் இனம்கூட இலங்கையின் இயற்கை மீன்களில் இல்லை. பசறை, மடூல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களினூடே பாறையில் மோதி இறங்கும் நீரில் பாறைபற்றும் வாழ்வை மேற்கொண்டிருப்பவை கெளிறுகள் அல்ல. கீழ்த்தாடையில் உறிஞ்சுத் தட்டு கொண்ட கல்லொட்டி மீன்களும் ஸ்கிஸ்டூராவுமே அங்கே அவ்விடத்தை நிரப்புகின்றன. மலைத்தொடர் இரண்டு பக்கமும் ஒத்திருக்க, அதில் ஏறிய குடும்பங்கள் ஒத்திருக்கவில்லை. தோட்டத்து மக்களின் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கெளுத்தியின் பெயரையும் ருசியையும் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குடியேற்றிய மலைகளின் ஓடையில் அந்த மீனுக்கு ஏற்ற மெதுவான நீர் குறைவு.

மெதுவான நீர் கீழே இருக்கிறது. மகியங்கனையில் பழைய சொரபொர வாவி, உல்ஹிட்டிய-ரத்கிந்த நீர்த்தேக்கங்கள், வெல்லவாயவின் ஹந்தபானாகல குளம், அவற்றின் வாய்க்கால்கள், வயல்கள் எல்லாம் கெளிற்றுக்கும் சுங்கானுக்கும் உரிய உலகம். உலர் வலயக் குளம் ஆண்டுதோறும் நிறைந்து சுருங்குவது. வடகீழ்ப் பருவமழையில் அது கரை தொட்டு விரியும்போது மீன்கள் புதிதாக மூழ்கிய புல்வெளிக்குள் பரவுகின்றன. கச்சான் காற்றில் மலைத் தேயிலைக்கு மணம் ஏறும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஓயாக்கள் மெலிந்து, குளங்கள் உள்வாங்குகின்றன. காற்றுமூச்சின் பயன் அப்போது வெளிப்படும்.

உயரத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் அருவிகள் நிற்கின்றன. பதுளு ஓயா துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுகிறது. கிரிந்தி ஓயாவில் சேரும் புனகல ஓயா தியலுமவில் 220 மீற்றர் விழுகிறது. கீழேயிருந்து நீந்தி வரும் மீன் அங்கே நின்றுவிடும். மேலேயுள்ளது வெள்ளத்தில் கீழே போகலாம். திரும்பி ஏற முடியாது. ரணில் சேனாநாயக்கவும் பீட்டர் மொயிலும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் தீவின் நன்னீரைத் தென்மேற்கு, மகாவலி, உலர் வலயம் என்றும் இவற்றுக்கு இடைப்பட்ட ஒன்று என்றும் மீன்களின் அடிப்படையில் பகுத்தார்கள். ஊவாவில் இந்த எல்லைகள் ஒரு பஸ் பயணத்துக்குள் கடந்துவிடக் கூடியவை. பண்டாரவளையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறவர் மகாவலியின் மீன்களை விட்டுத் தெற்கு உலர் வலயத்தின் மீன்களுக்குள் வந்துவிடுகிறார்.

நீர் இவ்வாறு பிரித்து வைத்ததை நூல்கள் நெடுங்காலம் சேர்த்தே எழுதின. காரணம், பெயர் வைப்பு தொடங்கிய இடம். பெர்லின் மருத்துவர் மார்கஸ் எலீசர் பிளாக், தரங்கம்பாடியிலிருந்த மதபோதகர் ஜான் அனுப்பிய மீன்களை வைத்து 1794இல் விட்டேட்டஸ், ஃபொசிலிஸ் ஆகிய பெயர்களை அச்சிட்டார். காவிரிக் கழிமுகத்து மீன் இரண்டும் இவ்வாறு ஐரோப்பிய வகைப்பாட்டுக்குள் நுழைந்தன. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஐங்குறுநூற்றின் சிறுவெண்காக்கைப் பத்தில் கழியின் கெடிற்றை, அதாவது கெளிற்றை, பறவை தின்கிறது. ஆனால் அங்கே அது ஓர் இனத்தின் பெயராக வரையறை பெறவில்லை, கரையின் வாழ்வாகவே இடம்பெறுகிறது. வாலென்சியென் 1840இல் தமிழ் வழக்குப் பெயரையே இலத்தீனாக்கி மிஸ்டஸ் கெலேட்டியஸ் என்னும் இனத்துக்குச் சூட்டினார். 1864இல் ஆல்பர்ட் குந்தர் பிரித்தானிய அருங்காட்சியக மாதிரிகளிலிருந்து ஒம்பொக் சிலோனென்சிஸ், கிளாரியஸ் பிராகிசோமா ஆகிய இலங்கை இனங்களை விவரித்தார். பிறகு பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் நூல் 1875 முதல் 1878 வரை வெளிவந்து இந்தியா, பர்மா, இலங்கை மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியது. அந்த நூலின் செல்வாக்கு பெரிது. இலங்கை மீன் இந்திய மீனைப் போலிருந்தால் இந்தியப் பெயரே அதற்கும் போதும் என்ற வழக்கம் நிலைத்தது. தெரணியகலவின் 1952 வண்ணப்பட நூல், மன்ரோவின் 1955 நூல், ரோஹான் பெத்தியாகொடவின் 1991 நூல் என்று தீவின் மீன்களைத் தனியே எழுதும் மரபு பின்னர் வளர்ந்தது.

இந்த நூற்றாண்டில்தான் கெளிறுகள் மறுபடி மேசைக்கு வந்தன. பெத்தியாகொட, சில்வா, மதுவகே மூவரும் 2008இல் மிஸ்டஸ் அங்குட்டாவை விவரித்து, சிங்களக் கிராமத்துப் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2013இல் ஹியோக் ஹீ இங், பெத்தியாகொட இருவரும் மிஸ்டஸ் சைலானிக்கஸைச் சேர்த்தார்கள். 2016இல் ஹிரண்ய சுதசிங்க முதலியோர், அதுவரை விட்டேட்டஸ் என்று எழுதப்பட்டு வந்த இலங்கை வரிக்கெளிறு தரங்கம்பாடி மீன் அல்ல என்று காட்டி, மிஸ்டஸ் நானஸ் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் சுதசிங்கவும் மாதவ மீகஸ்கும்புரவும் தென்மேற்கு ஈர வலயத்து ஒம்பொக்கை ஒம்பொக் ஆர்ஜெஸ்டெஸ் என்று பிரித்தார்கள். உலர் வலயத்தது குந்தரின் சிலோனென்சிஸ் ஆகவே நின்றது. எட்டு ஆண்டுக்குள் நான்கு புதிய பெயர்கள். அந்த எட்டு ஆண்டில் எந்த மீனும் புதிதாகப் பிறந்துவிடவில்லை. குளத்தோரச் சந்தையில் கூறுகட்டி விற்ற மீன்தான் வேறு பெயரோடு நூலுக்குள் வந்தது.

இந்தப் பிரிப்பின் பின்னணி பாக்கு நீரிணையின் ஆழமின்மை. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்த போதெல்லாம் தீவும் நிலப்பரப்பும் ஒன்றாக இருந்தன. கடைசியாக நிலத்தொடர்பு அறுந்தது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன். நிலம் இருந்ததனாலேயே மீன் கடந்துவிட்டது என்று கொள்ள முடியாது. வறண்ட தாழ்நிலத்தில் ஆறு ஆற்றைத் தொட்டால்தான் அதற்கு வழி. தொடாத காலங்களில் இருபுறத்து மீன்களும் தனித்தனியே மாறிவந்தன. மாற்றம் நிகழ்ந்ததோ மீசையின் நீளத்திலும், கொழுப்புத் துடுப்பின் அடியிலும், தலையெலும்பின் கூரிலும். பார்த்த மாத்திரத்தில் தெரியும் அழகு எதிலும் அது நிகழவில்லை. வண்ண மீன்களை முதலில் பிரித்தெழுதிய ஆய்வு, சேற்று நிறக் கெளிற்றை நெடுநாள் பழைய பெயரிலேயே விட்டுவைத்தது இதனால் வியப்பல்ல. ஓர் உயிரின் தனித்தன்மை கவனிக்கப்படுவதற்கு அதன் தோற்றமும் காரணமாகிறது என்பதை வகைப்பாட்டின் வரலாறு ஒளிக்காமல் காட்டுகிறது.

பெயர் திருத்தத்தால் மாறுவது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. விட்டேட்டஸ் இந்தியா முழுவதும் பரவிய மீன். தீவில் குறைந்தாலும் இனம் அழியாது. நானஸ் தீவுக்கே உரியதென்றால், இங்கே அழிவது முற்றாக அழிவதாகும். இந்தக் கணக்கோடு ஊவாவின் நிலத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. வெலிமடைச் சரிவுகளின் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் தேயிலைச் சரிவுகளிலிருந்தும் மழை அரித்துச் செல்லும் மண், உமா ஓயா மகாவலியைச் சேருமிடத்திலுள்ள ரந்தெம்பை நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிகிறது. களைகொல்லியும் உரமும் அதே வழியில் இறங்குகின்றன. கலங்கலை மீசையால் சமாளிக்கும் மீனுக்கும், செதிலற்ற தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சைச் சமாளிக்கத் தனி உறுப்பு எதுவுமில்லை.

வெளியிலிருந்து வந்த மீன்களும் களத்தை மாற்றியிருக்கின்றன. 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளங்களின் முதன்மை உணவு மீனாகி, ஏழை வீட்டின் புரதமாகிவிட்டது. அதைக் குற்றம் சொல்லி மட்டும் முடித்துவிட இயலாது. கண்ணாடித் தொட்டிகளிலிருந்து தப்பிய தென்னமெரிக்கத் தொட்டி சுத்தி மீன் வேறு வகை. அதுவும் சிலூரிஃபார்மெஸ் வரிசையே. தோலுக்குப் பதில் எலும்புத் தகடு வரிசைகளும், அடியில் உறிஞ்சும் வாயும் கொண்ட லோரிகாரிடே குடும்பம். உணவுக்கு உதவாமல், வலையைக் கிழித்துக்கொண்டு தீவின் நீர்நிலைகளில் பரவிவருகிறது. தகடு போர்த்திய இந்த உறவினர், செதிலற்ற தோலே கெளிற்று வரிசையின் அடையாளம் என்ற வரையறையையும் தளர்த்திவிடுகிறது: செதில்தான் இல்லை, கவசம் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் மலைக்கு அடியில் நடந்தது. உமா ஓயா பல்நோக்குத் திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகட்டித் தேக்கிய மகாவலிக் கிளையின் நீர், சுரங்கக் குழாய் வழியாக ரந்தெனியவின் நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்கி, 120 மெகாவாற் மின்சக்தி தந்து, கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்கில் வெளிவருகிறது. சுரங்கம் தோண்டுகையில் 2014 இறுதியில் உள்ளே நீர் பெருக்கெடுத்ததைத் தொடர்ந்து பண்டாரவளைப் பகுதியின் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் ஊர் அறிந்தவை. மீன்களின் கணக்கில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. கொட்டியாரக் குடாவுக்குப் போகவேண்டிய நீரும் தென்கடலுக்குப் போகும் நீரும் இப்போது ஒன்று. முகடு வகுத்த எல்லையில் ஒரு துளை விழுந்திருக்கிறது. நீர் போகும் வழியில் முட்டையும் குஞ்சும் போக வாய்ப்புண்டு. மின்நிலையச் சுழலிகளில் பெரிய மீன் சிதையும். மிகச் சிறியவற்றில் சில தப்புவது மற்ற நாடுகளின் மின்நிலையங்களில் அறியப்பட்டதுதான்.

ஆகவே இந்த மலைநாட்டிலும் அதன் அடிவாரத்திலும் பிடிக்கப்படும் சிறு கெளிற்றுக்கு இனப்பெயர் எழுதுகையில், ஆற்றின் பெயர், அருவிக்கு மேலா கீழா என்ற குறிப்பு, பிடித்த ஆண்டு மூன்றும் சேர்ந்தே எழுதப்படவேண்டும். 2024க்கு முன்பு கிரிந்தி ஓயாவில் எடுத்த மாதிரி அந்த ஆற்றின் மீனுக்குச் சான்று. அதற்குப் பின் எடுப்பதற்கு அந்த உறுதி தானாகக் கிடைக்காது. மீசையும் கொழுப்புத் துடுப்பும் பின்தலைக் கூரும் அளந்து இனத்தைச் சொல்லிவிடும். அது எந்த நீரின் மீன் என்பதை அளவுகோல் சொல்லாது. மாதிரிப் புட்டியின் சீட்டில் எழுதப்பட்ட இடமும் தேதியுமே அதைச் சொல்லும்.